எனக்கும் பாவம் இருக்கு

ஜூலை 14, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல்: "புரியும்."

சபை மூப்பர் சிகாமணி மாமா என்னிடம்தான் கேட்டார். ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சபைக் கூடத்தின் பக்க அறையில் மூப்பர்கள் மூன்று பேர், அப்பா, அக்கா, நான். "கெட்சி, எப்பவும் அவகூட இருக்கது நீதான். நீ சொல்லும்மா. முழுக்கு ஞானஸ்நானம்னா என்னன்னு எமிக்குப் புரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "எனக்குச் சொல்லத் தெரியலை மாமா" என்றேன்.

இந்த விசாரணைக்குக் காரணம் அக்கா இன்று செய்த காரியம். ஆராதனையின் முடிவில் சிகாமணி மாமா வழக்கம்போல, ஞானஸ்நானம் எடுக்க வாஞ்சை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். பல மாதமாக அவர் இதைச் சொல்வதும் யாரும் எழாததும் வழக்கமாகிவிட்டது. சொன்ன கையோடு அவரே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பின் பெஞ்சில் அக்கா எழுந்தாள். மடியில் அடுக்கியிருந்த பாட்டுப் புத்தகங்கள் அத்தனையும் தரையில் விழுந்தன. கூடம் முழுவதும் திரும்பியது.

எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. நன்மை தீமை அறிந்து, தானாகக் கேட்டு, தண்ணீரில் முழுகி எழ வேண்டும். எழுந்தவர்களுக்குத்தான், இயேசுவின் நினைவாக அப்பம் பிட்கும் ஞாயிறு பந்தியில் தட்டு வரும். மற்றவர்கள் பின் பெஞ்சு. பெண்கள் பக்கத்துப் பின் பெஞ்சில் சிறுமிகளும், அவர்களோடு அக்காவும் நானும். அக்காவுக்கு வயது முப்பது. டவுன் சிண்ட்ரோமோடும் இதயத்தில் ஓர் ஓட்டையோடும் பிறந்தவள். ஓட்டையை அப்போதே தைத்துவிட்டார்கள். எனக்கு இருபத்தேழு.

அறையில் மாமா அவளைக் கனிவாகத்தான் விசாரித்தார்.

"இயேசு யாரு எமி?"

"மாமாவுக்குத் தெரியாதா?"

மூப்பர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"சரி, எதுக்கு முழுக்கு எடுக்கணும்?"

"தட்டு வரணும். எனக்கு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா என் கையைப் பிடிக்கவில்லை. ரயில்வே கேட்டில்கூட.

ஜூலை 16, செவ்வாய்

கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்க்கும் இந்த நாலு வருடத்தில் சபை வரலாற்று அடுக்கிலிருந்து யாரும் எதையும் எடுத்துப் போனதில்லை. இன்று மதியம் தூசி தட்டுகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற சண்டை மிகப் பழையது. பிறந்த குழந்தையிடம் கேட்டுக்கொண்டா வீட்டுக்குள் தூக்கி வருகிறோம் என்கிறது ஒரு கட்சி. தன் காலால் நடந்து வரட்டும் என்கிறது இன்னொன்று. பொறுப்பு அறியும் வயது ஏழு என்கிறார் ஒருவர், பன்னிரண்டு என்கிறார் இன்னொருவர். முப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

இரண்டு கட்சியையும் படித்து முடித்தபோது இரண்டும் சரி என்று பட்டது. இது எனக்கு எப்போதும் வருகிற வியாதி.

ஜூலை 20, சனி

துணி துவைத்தேன். சாரல் விடவில்லை, எதுவும் காயவில்லை. கொடியில் தொங்கும் ஈரச் சேலைகளை விலக்கிக்கொண்டு புஷ்பம் பெரியம்மா உள்ளே வந்தார். அம்மாவின் அக்கா. அம்மா பிறந்த வீடு சி.எஸ்.ஐ.; அங்கே போதகரை ஐயர் என்பார்கள், கைக்குழந்தைக்குத் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அப்பாவைக் கட்டிய பிறகுதான் அம்மா இந்தச் சபைக்கு வந்து முழுகினாள். பெரியம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"எங்க கோயில்ல இருந்திருந்தா மூணாம் மாசமே முடிஞ்சிருக்கும். இப்பம் பாரு, முப்பது வயசுப் பிள்ளைய வச்சுக் கேள்வி கேக்காவ."

அப்பா செய்தித்தாளை இறக்கவில்லை. "மதினி, கைப்பிள்ளைக்கு விசுவாசம் உண்டா?"

"வேதத்துல வார அந்தச் சிறைச்சாலைக்காரன் வீட்டோட ஞானஸ்நானம் எடுத்தான்லா? அவன் வீட்டுல ஒரு கைப்பிள்ளகூடவா இருந்திருக்காது?"

"இருந்துச்சுன்னு எழுதியிருக்கா?"

"இல்லன்னு எழுதியிருக்கா?"

"காப்பி ஆறுது" என்றாள் அம்மா.

இந்த வாக்குவாதம் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. இருவருக்கும் இதில் அலுப்பே வருவதில்லை. பெரியம்மா வராத கிறிஸ்துமஸ் ஒன்றில் அப்பா, மதினிக்கு உடம்பு சரியில்லையோ என்று மூன்று முறை போன் செய்தார்.

பெரியம்மா அக்காவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "எமி, நாளைக்கே எங்க ஐயர்ட்ட கூட்டிட்டுப் போறேன். நெத்தியில மூணு துளி. ஜோலி முடிஞ்சிரும். வாரியா?"

"மூணு துளியா?" அக்காவின் முகத்தில் அப்பட்டமான இளக்காரம். "எனக்குத் தொட்டி வேணும்."

அப்பாவின் செய்தித்தாள் குலுங்கியது.

போகும்போது பெரியம்மா என் கன்னத்தைத் தடவினார். "உன்னைச் சொல்லணும். பதினஞ்சு வயசுல எந்திச்சு, அக்கா எடுக்க அன்னைக்குத்தான் நானும் எடுப்பேன்னு சொன்ன பிள்ள. இன்னும் அவளுக்காகக் காத்துட்டு நிக்க. எந்தப் பிள்ள செய்யும்?"

எல்லோரும் இதைச் சொல்வார்கள். நான் எப்போதும் சிரித்து வைப்பேன். இன்றும் சிரித்தேன்.

துணிகளை வீட்டுக்குள் கொடி கட்டி மாற்றிப் போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

முடிவு சொல்லிவிட்டார்கள்.

கூடத்தின் வாசலில், வேப்பமரத்தடியில், சிகாமணி மாமா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனிதர். சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கை எப்போதும் கிரீஸ் வாசனை. "எமி, உனக்கு முழுக்கு வேண்டாம்மா. சின்னப் பிள்ளைகளுக்குப் பரலோகம் இலவசம். உனக்குப் பாவமே கிடையாது. நீ அப்படியே நேரா உள்ள போயிருவ. எங்களுக்குத்தான் இந்தத் தண்ணியெல்லாம்."

எல்லோருடைய முகத்திலும் நிம்மதி. அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதைவிட அழகாக ஒருவருக்கு மறுப்புச் சொல்ல முடியாது என்று எனக்கே தோன்றியது.

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"நான் சின்னப் பிள்ளையா?" குனிந்து உச்சியைக் காட்டினாள். "பாருங்க. நரைச்சிருக்கு."

"அதுக்கில்லம்மா..."

"எனக்கும் பாவம் இருக்கு!"

"இல்லம்மா, உனக்கு..."

"இருக்கு! நிறைய இருக்கு!"

வீடு வரை இதே கூச்சல். நடுத்தெருவில் நின்று, "நான் பாவி! எனக்குப் பாவம் இருக்கு!" என்று கத்தினாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "ஏட்டி, மெதுவா" என்று அப்பா கெஞ்சினார். "மெதுவா என்ன மெதுவா? சிகாமணி மாமாவுக்கு மட்டும் இருக்காம், எனக்கு இல்லையாம்" என்று கடைக்காரரிடம் முறையிட்டாள். அவர் அப்பாவைப் பார்த்து, "எல்லாருக்கும் உண்டு தாயி, நீ வீட்டுக்குப் போ" என்றார்.

இன்று அவளுக்குக் கிடைத்த ஒரே நியாயமான பதில் அதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் விரல் விட்டு எண்ணினாள். மல்லிகா டீச்சர் வீட்டு நாயைக் கல்லால் அடித்தது. கெட்சியின் பேனாவை மிதித்தது, தெரிந்தே மிதித்தது. அம்மா கேட்டபோது மாத்திரை போட்டேன் என்று பொய் சொன்னது. போன வருடம் ஸ்டெல்லா செத்துப்போகட்டும் என்று நினைத்தது. ஸ்டெல்லா ஞாயிறு பள்ளி ஆசிரியை. அப்பாவுக்குப் புரையேறியது.

ஜூலை 22, திங்கள்

என் பேனா ரயிலில் தொலைந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஜூலை 24, புதன்

விடுப்பு எடுத்தேன். அம்மாவும் நானும் முருங்கைக்கீரை உருவினோம். மழை வெளியே மட்டும் பெய்யாமல் சமையலறைக் கூரையிலும் ஓர் இடத்தில் சொட்டியது. கீழே ஒரு குண்டான்.

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ நிறைய படிக்கல்லா. ஒண்ணு கேக்கட்டா? ஐயர் இல்லாம ஞானஸ்நானம் கொடுத்தா செல்லுமா?"

"எந்தச் சபையில?"

"எங்க அம்மா வீட்டுச் சபையில."

உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், தண்ணீரும் நாமமும் இருந்தால் போதும் என்பது அங்குள்ள வழக்கம் என்றேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை படித்தது.

அம்மாவின் கை நின்றது.

"எமிக்கு ஆபரேஷனுக்கு முந்தின நாள்" என்றாள். "அவளைத் தேறாதுன்னு சொல்லிட்டாவ. உங்க அப்பா ரத்தம் கொடுக்கப் போயிருந்தாவ. டம்ளர்ல குடிதண்ணி இருந்துச்சு. தொட்டு நெத்தியில வச்சேன். மூணு தடவ. எமீமாள்னு சொன்னேன். அன்னைக்கு அவளுக்குப் பேர்கூட முடிவாகல, நானாச் சொன்னேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா செய்தித்தாள இறக்கிருவாவ."

சொல்லிவிட்டு அம்மா சிரிக்கத் தொடங்கினாள். அழுகை மாதிரி ஆரம்பித்து முழுச் சிரிப்பாக முடிந்தது. "முப்பது வருசமா அது பாவமோன்னு நினைச்சிட்டிருந்தேன் கெட்சி. செல்லும்னு சொல்லுதியே!"

செல்லும் என்றால், அம்மா கைக்குழந்தையாகப் பெற்றதை விட்டால், இந்த வீட்டிலேயே முதலில் ஞானஸ்நானம் பெற்றவள் அக்காதான். அம்மாவே அதற்கப்புறம்தான் தொட்டியில் இறங்கினாள். அப்பா அம்மாவுக்கு ஒரு மாதம் கழித்து.

எனக்குப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். எமீமாளும் கெத்சியாளும் யோபுவின் மகள்கள், அதனால் நீ கெட்சி என்றாள். மூன்றாவதாக ஒருத்தி பிறந்திருந்தால் வாயில் நுழையாத அந்த மூன்றாம் மகள் பெயரைச் சொல்லி யாராலும் கூப்பிட்டிருக்க முடியாது. நல்லவேளை.

ஜூலை 28, ஞாயிறு

அக்கா கூடத்துக்கு வந்தாள். வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுப்பது அவள் வேலை. போன வாரம் வராதவர்களிடம் "எங்க போன?" என்று கேட்டு நடுங்க வைப்பாள். இன்று எல்லோருக்கும் கொடுத்தாள். சிகாமணி மாமாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரின் புத்தகத்தை எட்டிப் பார்த்துப் பாடினார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆகஸ்ட் மாதத்துக்கு அப்பம் எங்கள் வீட்டு முறை. பந்திக்கு ஒரே அப்பம்தான் வைப்பார்கள். அதை எல்லோரும் பிட்டு எடுக்க வேண்டும். அம்மா கோதுமை மாவில் தடிமனாகச் சுட்டு, வெள்ளைத் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஏற்றினாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வாசம் வருது" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் டப்பாவைக் கூடைக்குள் வைப்பதற்கு முன் திறந்து பார்த்தேன். அப்பத்தின் ஒரு பக்கத்தில் ஒரு கையளவு காணோம். எலியாக இருக்கும் என்று நினைத்தேன். எலி கடித்தால் பல் தடம் இருக்கும், இது பிய்த்தது. அப்பா ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். பிய்ந்த பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி, துணியை இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன்.

பந்தி நேரத்தில் சிகாமணி மாமா துணியை விலக்கி, அப்பத்தை இரண்டு கையாலும் உயர்த்தினார். ஜெபிக்கக் கண்ணை மூடப் போனவர் மூடவில்லை. கூடமே அந்தக் குழியைப் பார்த்தது.

"எலி போல" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "எலிதான்." "இந்த மழைக்கு எல்லா வீட்டுலயும் எலி." எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக எலிக்குச் சம்மதித்தார்கள்! அப்பா எழுந்து நின்றார். காது வரை சிவந்திருந்தது. "சகோதரங்க மன்னிக்கணும். எங்க வீட்டுல எலி..."

"எலி இல்ல."

எங்கள் கூடத்தில் ஆராதனை நேரத்தில் பெண்கள் வாய் திறப்பது பாட்டுக்கு மட்டும்தான். இந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அக்கா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான்தான் தின்னேன். கோவத்துல தின்னேன். மாமா மேல கோவம். அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க, எலியையும் சொல்லாதீங்க." மூச்சு வாங்கினாள். "தப்பு. தப்புன்னு தெரிஞ்சேதான் தின்னேன்." கொஞ்சம் யோசித்து, "உப்பும் இல்ல" என்றாள்.

சிறுமிகள் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அக்கா அழத் தொடங்கியிருந்தாள். தேம்பாமல், முகத்தை மூடாமல், நின்றபடியே.

தானியேல் மாமா மூப்பர்களிலேயே கண்டிப்பானவர். எழுந்து, "வேற அப்பம் வாங்கிட்டு வரணும், கடை திறந்திருக்கும்" என்றார்.

சிகாமணி மாமா கையிலிருந்த அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படியும் பிட்கத்தான போறோம் தானியேல்" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உக்காரும்மா. கேட்டாச்சு. உக்காரு" என்றார்.

தட்டு முன் பெஞ்சுகளைச் சுற்றி வந்து, எங்களுக்கு முந்தின பெஞ்சோடு திரும்பியது. அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எழுந்து நின்றபோது நானும் எழுந்திருக்கலாம். எலி இல்லை என்று காலையிலேயே எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாலையில் மூப்பர்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ஈரத் துணிக் கொடியை அவசரமாக அவிழ்த்தாள். காப்பி கொடுத்தோம்.

சிகாமணி மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "எமிக்குப் பாவம்னா என்னன்னு தெரியாதுன்னு நாங்க தீர்மானிச்சோம். தெரியாத பிள்ள எந்திச்சு நின்னு, எலி மேல போன பழியத் தன் மேல வாங்கிக்கிட்டா. நாங்க மூணு பேரும் ஞாயித்துக்கிழமையில இருந்து சரியாத் தூங்கல."

"நான் தூங்கினேன்" என்றார் தானியேல் மாமா. "ஆனாலும் ஒரு விஷயம். தப்பு தெரியுது, சரி. தண்ணியில இறங்கது எதுக்குன்னு தெரியணும்லா?" என் பக்கம் திரும்பினார். "அன்னைக்குக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல. இப்பச் சொல்லு."

"புரியும் மாமா" என்றேன். "தட்டு வரணும்னு அவ சொன்னது அதுதான். எல்லாரும் சேந்து சாப்பிடுத இடத்துல அவளும் இருக்கணும். நாம எல்லாரும் வேற எதுக்கு இறங்குதோம்?"

அப்பா கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்ப சரி!" சிகாமணி மாமா தொடையில் தட்டினார். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வச்சிருவோம். கெட்சி, உன் பொருத்தனையும் நிறைவேறப் போகுது. எத்தனை வருசக் காத்திருப்பு!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகத்துக்குப் பழகிய சிரிப்பு, தானாக வந்தது.

"அவளக் கேளுங்க" என்றாள் அக்கா.

"என்னம்மா?"

"என்னைக் கேள்வி கேட்டீங்க. இயேசு யாருன்னு. எதுக்குன்னு. அவளக் கேக்கவே இல்ல." அக்கா டம்ளர்களை அடுக்கிக்கொண்டே பேசினாள், பெரிய விஷயமே இல்லாதது போல. "அவளும் பெரிய பிள்ளதான. கேக்கணும்."

சிகாமணி மாமா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "சரிம்மா, கேக்கோம். கெட்சி, நீ ஞானஸ்நானம் எடுக்க விரும்புதியா?"

"இன்னும் இல்ல மாமா" என்றேன்.

அம்மா சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏம்மா?"

"தொட்டியில இறங்கதுக்கு முன்னால எல்லாரும் சாட்சி சொல்லுதாவ. இன்ன தேதியில இரட்சிக்கப்பட்டேன்னு. எனக்கு அப்படி ஒரு நாள் இல்ல. வெளியில இருந்து உள்ள வந்த ஞாபகமே இல்ல. எப்பவும் இங்கதான் இருந்த மாதிரி இருக்கு. அதை எப்படிச் சொல்லதுன்னு தெரியல."

"தேதி யாரும்மா கேட்டா?" என்றார் சிகாமணி மாமா.

"நீங்கதான் எல்லார்ட்டயும் கேக்கீங்க மாமா."

தானியேல் மாமா இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அக்கா டம்ளர்களோடு எழுந்துவிட்டாள்.

"இல்லன்னா பெறவு எடுப்பா. அவ தங்கச்சி. நான்தான் மொத."

மூப்பர்கள் போன பிறகு அப்பா என்னிடம், வாழைப்பழம் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு தின்றேன். வெகுநேரம் நின்றுகொண்டிருந்துவிட்டு, உட்கார இடம் கிடைத்தது போல இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

தொட்டி கழுவினோம். தொட்டி, பிரசங்க மேடைக்கு அடியில் இருக்கிறது. மேல் பலகைகளைத் தூக்கினால் சிமெண்டுப் படிகள் இறங்கும். கடைசியாகத் திறந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு தேரை, ஒரு பிளாஸ்டிக் பந்து, ஸ்டெல்லாவின் தொலைந்த குடை. அக்கா குடையை ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "நீ சாக வேண்டாம்" என்றாள். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவில்லை.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்ததில் என் கை முழுக்கத் தோல் சுருங்கிவிட்டது. அக்கா படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்துப் பழகினாள். கடைசிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்து, "மாமா இவ்வளவு நாளும் இது மேலயா நின்னு பேசுனாரு?" என்றாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மோட்டாரைப் போட்டுக் கால் மணி நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்.

"அடுத்த வாரம் வைப்போம்" என்றார் தானியேல் மாமா. வெள்ளை உடுப்போடு வாசலில் நின்ற அக்கா அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போனார்.

கிணற்றிலிருந்து கூடம் வரை வரிசை நின்றது. வாளி, குடம், பந்திப் பாத்திரம், யாரோ வீட்டுப் பிள்ளை குளிக்கும் பிளாஸ்டிக் டப். டீக்கடைக்காரர் பால் கேனோடு வந்தார். அவர் எங்கள் சபையும் இல்லை, எந்தச் சபையும் இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் புஷ்பம் பெரியம்மா, பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு வசனம் சொன்னார், வேதாகமத்தில் இல்லாத வசனம். "எங்க ஐயருக்கு ஒரு செம்பு போதும்." அடுத்த வாளி. "அந்தச் செம்புலயும் பாதி மிஞ்சும்." அடுத்தது. "தம்பி, இன்னும் எத்தனை வாளி உங்க விசுவாசத்துக்கு?"

"நெஞ்சு வரைக்கும் மதினி!" என்று வரிசையின் மறுமுனையிலிருந்து அப்பா கத்தினார். அப்பா கத்தி நான் கேட்டதில்லை.

தொட்டி நிறைந்தபோது எல்லோரும் நனைந்திருந்தோம். யார் ஞானஸ்நானம் எடுக்க வந்தவர், யார் பார்க்க வந்தவர் என்று தெரியாத அளவுக்கு.

அக்கா படியில் நின்று சாட்சி சொன்னாள். சிகாமணி மாமா தேதி கேட்கவில்லை. "நான் எமீமாள். எனக்குப் பாவம் இருக்கு. இயேசப்பாவுக்கு எல்லாம் தெரியும். சரி வான்னு சொல்லிட்டாரு." பிறகு மூக்கை அவளே பிடித்துக்கொண்டாள்.

மாமா அவள் முதுகைத் தாங்கி நாமத்தைச் சொல்லிச் சாய்த்தார். அக்கா கனமானவள். பயத்தில் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். மாமாவின் கால் வழுக்கியது. ஒரு கணம் தொட்டியில் யாருமே இல்லை, தண்ணீர் மட்டும்.

இரண்டு தலைகள் மேலே வந்தன. அக்கா தும்மினாள். பிறகு சிரித்தாள். அவ்வளவு சத்தமான சிரிப்பை அந்தக் கூடம் கேட்டிருக்காது. மாமாவின் நாலு முடியும் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவரும் சிரித்தார்.

"குழந்தையில எடுத்தது செல்லாதுன்னு எங்களுக்கு ரெண்டாந்தடவை கொடுப்பீங்களே" என்றார் பெரியம்மா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இப்பம் ரெண்டாந்தடவை எடுத்தது யாரு அண்ணாச்சி?"

தானியேல் மாமா சிரித்ததை இன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா என் காதருகே குனிந்து, "இவளுக்கும்தான் ரெண்டாந்தடவை" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அக்கா மூன்றாம் பெஞ்சில், அம்மா பக்கத்தில். தட்டு வந்தது. பெரிய துண்டாகப் பிட்டு எடுத்தாள். மென்று முடித்துவிட்டு, "இன்னைக்கு உப்பு இருக்கு" என்றாள். பெண்கள் யாரும் அவளை அடக்கவில்லை.

நான் பின் பெஞ்சில், சிறுமிகளோடு. ஏன் தனியாக இருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை என்றேன். ஏன் என்றாள். யோசிக்கிறேன் என்றேன். அவளுக்கு அது போதுமான பதிலாக இருந்தது. எனக்கும்.

மறு வருடம், செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று நான் ஞானஸ்நானம் எடுத்தேன். சாட்சியில் தேதி எதுவும் சொல்லவில்லை; எப்போதும் இங்கேதான் இருந்தேன் என்று சொன்னேன். தண்ணீரிலிருந்து ஏறியபோது படியின் மேல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள்.